அண்ணாச்சி போட்ட துண்டு

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குள் ஒரு பஸ் வளைந்து வந்து நிற்பதற்கு முன்னாலேயே அதற்குள் நாலைந்து பேர் உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்கள் இல்லை, துண்டுகள். அத்தனையும் ஒரே ஆள் ஜன்னல் வழியாக எறிந்தவை. அந்த ஆளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. துண்டு அண்ணாச்சி என்றால் டிரைவர்கள்கூட வேகத்தைக் குறைப்பார்கள். இப்போது அவர் இங்கே இல்லை. மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டாம், சாகவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில், மகள் வீட்டில் இருக்கிறார். இப்போது கஷ்டம் எல்லாம் புனலூர் பஸ்களுக்குத்தான்.

அச்சன்புதூரிலிருந்து வந்து தென்காசியில் குடியேறியவர். சீசனுக்கு ஐந்தருவியில் கடை போடுவார். துண்டு, சோப்பு, ஜட்டி. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து புளியோதரை, தலையணை, சண்டை எல்லாம் கொண்டுவருவார்கள். துண்டை மட்டும் மறந்துவிடுவார்கள். அந்த மறதியில்தான் அண்ணாச்சி குடும்பம் ஓடியது. அவர் கடைக்குப் பக்கத்தில்தான் என் பலகை. நான் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். படித்தது மூன்றாம் வகுப்பு, அதையும் இரண்டு தடவை. ஊரில் பாதிப் பேரின் முதுகு எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தால்தான் தடுமாறுவேன்.

அண்ணாச்சி துண்டு மடிப்பதே தனி அழகு. நீளவாக்கில் மூன்றாக மடித்து, பாதியாக்கி, ஒரு முனையை மட்டும் வெளியே திருப்பிவிடுவார், காது மாதிரி. "காதப் பிடிச்சு இழுத்தா முழுத் துண்டும் வரணும்லே, பக்கத்துத் துண்டு அசையக் கூடாது" என்பார். அந்தக் காது மடிப்பு அவருக்கும் அவர் மகள் செல்விக்கும் மட்டும்தான் வரும். நான் மடித்தால் எலி கடித்த மாதிரி இருக்கும்.

இடம் பிடிப்பதில் அவருக்கு ஒரு சாஸ்திரமே உண்டு. கைக்குட்டை போடக் கூடாது, காற்றில் பறந்துவிடும். குடை போடலாம், ஆனால் நகர்த்திவிடுவார்கள். செருப்பு போட்டால் சண்டை வரும். கொஞ்சம் ஈரமான துண்டுதான் உத்தமம். "ஈரத் துண்டை எவனும் எடுத்து மடியில வச்சுக்கிட மாட்டான்லே." ஒரு தடவை கையில் துண்டு இல்லாமல் என்னையே தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே போட்டார். சீட்டில் விழவில்லை, சிவகிரிக்குப் போகிற ஒரு போலீஸ்காரர் மடியில் விழுந்தேன். அன்றைக்கு இடமும் கிடைக்கவில்லை, என் பல்லில் ஒன்றும் போனது.

இவ்வளவும் யாருக்காக? பிள்ளைத்தாச்சிக்கு, பிள்ளைகளைத் தூக்கி வருகிறவர்களுக்கு, மூட்டைக்காரர்களுக்கு, முன்னே பின்னே தெரியாதவர்களுக்கு. எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு இவர் கம்பியைப் பிடித்து நிற்பார். "நீங்க ஒக்காரலாமில்லா?" என்று கேட்டால், "ஒக்காந்தா காலு மரத்துப் போவும்லே" என்பார். கல்யாணப் பந்தியிலும் இதே கதைதான். சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நின்று அவன் இலையையே பார்ப்பார். அவன் பாயசத்தைக் குடித்தும் குடிக்காமலும் எழுந்து ஓடிவிடுவான். அந்த இடத்தில் வேறு யாரையாவது உட்கார வைப்பார்.

அவர் தோற்றது அருவியில் மட்டும்தான். ஒரு சீசனில் கம்பியில் துண்டைக் கட்டி, தண்ணீருக்குள் ஒரு மதுரைக் குடும்பத்துக்கு இடம் போட்டார். குரங்கு அந்தத் துண்டை அவிழ்த்து, தோளில் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பரவால்ல, அதுக்கும் ஒரு இடம் கெடச்சிச்சு" என்றார்.

இப்படிப்பட்ட மனுசன் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது. செல்வி ஹோட்டல் படிப்பு படித்து, சுற்றுலாக் கப்பலில் ரூம் சுத்தம் செய்கிற வேலைக்குச் சேர்ந்தாள். அதே கப்பலில் சமையல் செய்த புனலூர்ப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் உள்ளே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி வாசலை அடைத்துக்கொண்டு நின்று சொன்னார்: "இங்கன ஒனக்கு இடமில்ல."

பஸ்ஸில் குரங்கு ஏறினாலும் மற்றவர்களை நகர்ந்து இடம் கொடுக்கச் சொல்கிற ஆள். அவள் மாலையோடேயே திரும்பிப் போய்விட்டாள். ஆறு வருஷம். அதற்குப் பிறகு பஸ் வந்தால் அண்ணாச்சி ஒரு துண்டு கூடுதலாகப் போட ஆரம்பித்தார். எண்ணிப் பார்த்தால் எப்போதும் ஒரு சீட்டு மிஞ்சும். "இது யாருக்கு அண்ணாச்சி?" என்றால், "யாராவது வருவாவ" என்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், செல்வி தன் கப்பலிலேயே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடம் வாங்கி அனுப்பினாள். வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்குக் கொடுக்கிற சீட்டு. கொச்சியில் ஏறி, ஒரு தீவைப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் கொச்சியிலேயே இறங்க வேண்டும். அண்ணாச்சி சம்சாரம், எனக்கு மதினி, என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே சுடலை, எனக்குப் பதிலா நீ போ."

"ஏன் மதினி, நீங்க போகலாமில்லா?"

"செங்கோட்டை தாண்டி மலை ஏறுனாலே எனக்குக் கொடலு வெளிய வந்துருது. நடுக்கடல்ல எவன் பஸ்ஸ நிப்பாட்டுவான்? ஒங்க அண்ணாச்சிய ஒத்தையில விட்டா, அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் எறங்கிருவாவ. மககூட ஒரு வார்த்தை பேச வைக்காம வந்தேன்னு வையி, இந்த வீட்டுல ஒனக்குக் காப்பி கெடையாது."

என் வாழ்க்கையில் எனக்கு ஒழுங்காகக் கிடைப்பது அந்தக் காப்பி ஒன்றுதான். சம்மதித்தேன். அண்ணாச்சி எப்படிச் சம்மதித்தார் என்று கேட்கிறீர்களா? மகளைப் பார்க்கவா என்று கேட்டதற்கு முறைத்தார். "சீட்டு காலியாப் போயிரக் கூடாதுலே. அதுக்குத்தான்" என்றார்.

எனக்கு எழுத்துக்கூட்டவே அரைநாள் ஆகும் என்பது செல்விக்குத் தெரியும். அதனால் போனில் பேசி அனுப்பினாள். அதைக் கடையில் வைத்து நான் சத்தமாகப் போட்டேன். அண்ணாச்சி காது கேளாதவர் மாதிரி துண்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, கேட்டுக்கிடுங்க. பெரிய பெட்டியத் தொறமுகத்துலயே வாங்கிருவாங்க, ரூமுக்கு வர சாயந்தரம் ஆவும். அதனால மாத்திரை, ஆதாரு, ஒரு மாத்துத் துணி எல்லாம் கைப்பையில வச்சுக்கோங்க. துணித் தேப்புப் பெட்டி, தண்ணி காய வைக்க கம்பி எதுவும் கொண்டாராதீங்க, பிடுங்கிருவாங்க. கப்பல் கெளம்புனதும் போனை ஏரோபிளேன் மோட்ல போட்ருங்க, இல்லன்னா பில்லு வந்து மயங்கி விழுவீங்க. வயித்தப் பொரட்டுனா ரூமுக்குள்ள சுருண்டு படுக்காதீங்க. கப்பலுக்கு நடுவுல போயி நின்னு, தூரத்துல கடல் முடியுத கோட்டப் பாருங்க. இஞ்சி மிட்டாயி வாயில கெடக்கட்டும். சங்கு ஊதுனா பயப்படாதீங்க, ஆபத்து வந்தா என்ன செய்யணும்னு ஒத்திகை, எல்லாரும் சொன்ன எடத்துல போயி நிக்கணும். அப்புறம் முக்கியமானது, எண்ணெயத் தேச்சுக்கிட்டு நீச்சல்குளத்துல எறங்கீராதீங்க. இது உங்களுக்கு மட்டும் சொல்லுதேன்."

கடைசியில், "அப்பா நல்லா இருக்காவளா?" என்று கேட்டு முடிந்தது. அண்ணாச்சி, அடுக்கி முடித்த துண்டுகளைக் கலைத்துப்போட்டு முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தார்.

கொச்சியில் கப்பலைப் பார்த்ததும் அவர் கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டை எடுத்துச் சுருட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஏலே, எம்புட்டுப் பெரிய வண்டி! ஒரு ஜன்னலாவது கைக்கு எட்டுதா பாரு."

"எல்லாருக்கும் ரூம் இருக்கு அண்ணாச்சி."

"அப்போ எதுக்கு எல்லாரும் வரிசையில நிக்கானுவ?" என்று கேட்டார். நானும் போய் வரிசையில் நின்றேன்.

உள்ளே போனால் எல்லா நடையும் ஒரே மாதிரி. செல்வி சொன்ன பாடம் இன்னொன்று உண்டு: நடைபாதை விரிப்பில் மீன் படம் போட்டிருக்கும், மீன் மூஞ்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கப்பலின் முன்பக்கம். எங்கள் ரூம் பின்பக்கம். நான் மீன் போகிற பக்கமே போய், மூன்று தடவை யாரோ ஒருவர் ரூம் கதவைத் தட்டினேன். மூன்றாம் தடவை அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே காத்திருந்தார்.

கப்பல் கிளம்பும் முன்னால் நீச்சல்குளத்தைப் பார்க்கப் போனேன். எண்ணெய் இல்லாமல் இறங்கினேன், சத்தியமாக. இறங்கி ஒரு முங்கு போட்டு எழுந்திருக்கிறேன், சங்கு ஊதியது. ஒத்திகை என்று அவள் சொன்னதெல்லாம் அப்போது நினைவுக்கு வருமா? ஐந்தருவியில் இருபது வருஷம் நின்ற உடம்பு. அங்கே போலீஸ் விசில் ஊதினால் மேலே வெள்ளம் என்று அர்த்தம், துணியை எடுத்துக்கொண்டு படியேற வேண்டும். "வெள்ளம் வருது! ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்திக்கொண்டே பக்கத்தில் கிடந்த ஒரு பெரியவரைத் தூக்கி வெளியே போட்டேன். தமிழ் தெரியாத ஜனங்கள் எல்லாம் என் மூஞ்சியைப் பார்த்தே வெளியேறிவிட்டார்கள். அவ்வளவு சுத்தமாகக் குளம் காலியானது இதுதான் முதல் தடவை என்று கப்பல்காரர் ஒருவர் என் கையைக் குலுக்கினார். ஒத்திகை நடந்த இடத்துக்கு நான் சொட்டச் சொட்டப் போனால், அண்ணாச்சி அங்கே நாலு பேருக்கு இடம் போட்டு வைத்திருந்தார்.

சாயந்தரம் ரூமுக்கு வந்து கதவைத் திறந்ததும் அண்ணாச்சி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னலே இது அசிங்கம்?"

கட்டிலில் ரெண்டு வாத்து. வெள்ளைத் துண்டில் செய்தவை. மூக்கோடு மூக்கு முட்டி முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தன. புருசன் பொண்டாட்டி வருகிற ரூமுக்கு அப்படித்தான் வைப்பார்களாம். நான் வெட்கப்பட்டு நின்றேன்.

"துண்ட வச்சு வெளாடுதானுவ. தொழிலத் தெரியாத பயலுவ" என்று ஒரு வாத்தைத் தூக்கினார். விரலால் துணியைத் தடவி, நூல் நல்ல நூல் என்றார். பிறகு வாலைத் திருப்பினார். வாலில் ஒரு முனை வெளியே திரும்பி நின்றது, காது மாதிரி.

அவ்வளவுதான். ரெண்டு வாத்தையும் தூக்கி நாற்காலியில் பத்திரமாக வைத்தார். நான் குளித்துவிட்டு ஒரு வாத்தை எடுக்கப் போனேன். "தொட்டே, கையொடிச்சிருவேன்" என்றார். என் சட்டையாலேயே துடைத்துக்கொண்டேன். துண்டு வியாபாரிகூடப் பயணம் போய் சட்டையில் துடைத்த ஒரே ஆள் நான்தான்.

மறுநாள் காலையில் சாப்பாட்டுக் கூடத்தில், நாளைக்குச் சோறே கிடையாது என்பதுபோல ஒரே தட்டில் இட்லி, பூரி, தர்பூசணி, கேக் எல்லாம் ஏற்றிக்கொண்டேன். திரும்பத் திரும்பப் போய் எடுக்கலாம் என்பது பாதி மலை சரிந்த பிறகுதான் தெரிந்தது. சட்டை மாற்ற ரூமுக்கு வந்தபோது, நடையில் தள்ளுவண்டியோடு செல்வி நின்றிருந்தாள்.

"சித்தப்பா, அப்பா பேசுனாவளா?"

"வாத்துகூடப் பேசுதாவ. ஒன்னப் பத்தி ஒண்ணும் பேசல. நீயே வந்து நில்லேன் தாயி."

"நின்னு பாத்தாச்சுல்லா ஒருக்கா." தள்ளுவண்டியின் கைப்பிடியைத் துடைத்தாள். "அவிய வரட்டும் சித்தப்பா. நாளான்னைக்கு எல்லாரும் எறங்கிருவீங்க. அதுக்குள்ள வந்தாச் சரி. இல்லன்னா இனிமே நான் கூப்பிட மாட்டேன்."

என் காப்பி தூரத்தில் ஆறிப்போவது தெரிந்தது.

மேல்தளத்தில் குளத்தைச் சுற்றி சாய்வு நாற்காலிகள். அதைப் பார்த்ததும் அண்ணாச்சிக்குப் பாதி உயிர் வந்தது. காலையிலேயே ஆறு துண்டு போட்டு, யார் யாருக்கோ இடம் பிடித்திருந்தார். ஆனால் அங்கே ஒரு சட்டம். அரைமணி நேரம் ஆள் வராமல் துண்டு மட்டும் கிடந்தால், பணியாள் வந்து எடுத்துவிடுவார். நான் போகும்போது அண்ணாச்சி வானத்தைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டிருந்தார்.

"போட்ட துண்ட எடுத்துட்டான்லே! நம்மூர்ல குடிகாரன்கூட போட்ட துண்டத் தொட மாட்டான்!"

அன்றைக்கு மத்தியானம் ரூமில் வாத்து இல்லை, யானை இருந்தது. தும்பிக்கை, நாலு கால், ரெண்டு பெரிய காது. அண்ணாச்சி அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேல்தளத்துக்குப் போய், கடலைப் பார்த்த நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தார். தான் பக்கத்தில் வெயிலில் நின்றார்.

அரைமணி ஆனது. பணியாள் வந்தார், யானையைப் பார்த்தார், சிரித்துவிட்டுப் போனார். பிள்ளைகள் வந்து படம் எடுத்தன. ஒருமணி ஆனது. யானையை எடுக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. அடுத்த நாற்காலியில் நான் இஞ்சி மிட்டாயைச் சப்பிக்கொண்டு படுத்திருந்தேன்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"யாராவது வருவாவ."

ரெண்டுமணி நேரம் ஆனதும், இடம் கிடைக்காத ஒரு அம்மா போய்ப் புகார் சொல்லிவிட்டார். மேலாளர் வந்து பார்த்தார். யானையைச் செய்த ஆளே வந்து எடுக்கட்டும் என்று கீழே சொல்லி அனுப்பினார். செல்வி வந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரு நாற்காலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றார்கள். நடுவில் யானை. அண்ணாச்சி கடலைப் பார்த்தார்.

"அப்பா. அரைமணிக்கு மேல எடம் போட்டு வைக்கக் கூடாதுப்பா."

"இது சும்மா போட்ட துண்டு இல்ல. ஆளு இருக்கு."

"எங்க இருக்கு?"

"வந்துட்டுல்லா. ஒக்காரு."

அவள் பின்னால் மேலாளரைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "வேலை பாக்கவிய இதுல ஒக்காரக் கூடாதுப்பா. எனக்கு இங்கன இடமில்ல."

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. கப்பல் சட்டத்தைத்தான் சொன்னாள். ஆனால் அண்ணாச்சி முகம் சிவந்துபோனது. "எவன் சொன்னான் ஒனக்கு இடமில்லன்னு? எந்தப் பய சொன்னான்?" என்று கத்தினார்.

இந்த மாதிரி நேரத்தில் புத்தியுள்ளவன் கடலைப் பார்ப்பான். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

"நீங்கதான் அண்ணாச்சி சொன்னிய" என்றேன்.

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மிட்டாயை முழுங்கிவிட்டேன். அண்ணாச்சி தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு குனிந்து யானையை எடுத்தார்.

"வலது காது தூக்கலா இருக்குட்டி" என்றார்.

"ஆறு வருஷமாச் சொல்லித் தர ஆளில்ல" என்றாள் செல்வி.

அண்ணாச்சி யானையைப் பிரித்து உதறினார். அவர் ஒரு முனையைப் பிடித்தார், அவள் மறுமுனையைப் பிடித்தாள். உட்காரத்தானே கூடாது, நின்றுகொண்டு துண்டு மடிக்கக் கூடாது என்று கப்பலில் சட்டம் இல்லை. மேலாளரும் திரும்பிக் கீழே போய்விட்டார். புகார் சொன்ன அம்மா அந்த நாற்காலியில் உட்காராமல் எங்கேயோ போய்விட்டார்.

கடைசியில் என் கதைக்கு வருகிறேன். இறங்குவதற்கு முந்தின சாயந்தரம் பெட்டியைக் கட்டி ரூமுக்கு வெளியே வைத்துவிட வேண்டும், அவர்களே கீழே இறக்கிவிடுவார்கள். மறுநாள் உடுத்த வேண்டியதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி செல்வி நேரிலேயே சொன்னாள். நானும் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு வேட்டி, சட்டை, கைலி எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டேன். காலையில் பார்த்தால் என்னிடம் இருப்பது அரைக்கால் டவுசர் ஒன்று, அதிலும் பின்பக்கம் காற்றோட்டம். கப்பல் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கவும் விடமாட்டார்கள். அண்ணாச்சி தோளில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு துண்டை மானம் காக்கக் கொடுத்தது அன்றைக்குத்தான். அதைக் கட்டிக்கொண்டு கொச்சியில் இறங்கினேன். மதினி காப்பி கொடுத்தார், ரெண்டு தம்ளர்.

அடுத்த சீசனில் செல்வி லீவில் வீட்டுக்கு வந்தாள், மாப்பிள்ளையோடு. வாசல் அடைபடவில்லை. மாப்பிள்ளை மலையாளத்தில் "அச்சா" என்று கூப்பிட்டால் அண்ணாச்சி திரும்ப மாட்டார். "ஏலே, இவன் என்ன, ஊர்ப் பேரச் சொல்லிக் கூப்பிடுதான்?" என்று என்னிடம் கேட்டார். அச்சன் என்றால் அப்பா என்று நான் விளக்கினேன். "அப்போ நம்ம அச்சன்புதூரு?" என்றார். அது அப்பன்புதூர் என்று நானே முடிவு செய்து சொன்னேன். மூன்றாம் வகுப்புக்கு அது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஐந்தருவியில் குளித்துவிட்டு தென்காசி பஸ்ஸுக்கு நின்றோம். சீசன் கூட்டம். பஸ் வளைந்து வந்தது. அண்ணாச்சி தோளில் கையை வைத்தார், துண்டு இல்லை. பார்த்தால் செல்வி ஈரத் தலையோடு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள். அவள் கையிலிருந்து துண்டு பறந்து, மூன்றாவது ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது.

"அப்பா, எடம் போட்டாச்சு, ஏறுங்க!"

"அச்சா, கேறிக்கோ!" என்று மாப்பிள்ளை பின்னாலிருந்து தள்ளினான்.

அண்ணாச்சி ஏறி, சீட்டுக்குப் பக்கத்தில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். "யாராவது வயசாளி இருந்தா..."

"நீங்கதான் வயசாளி. ஒக்காருங்கப்பா."

உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து பஸ்ஸுக்குள் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் சாயலாம் போல இருந்தது. நான் மெதுவாகக் கேட்டேன்: "செல்வி, எனக்கு?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"சித்தப்பா, இங்கன ஒங்களுக்கு இடமில்ல."

முதலில் சிரித்தது அண்ணாச்சிதான். தென்காசி வரும்வரை நான் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. நின்றால் கால் மரத்துப்போவதில்லை.